அரண்மனையில் அத்தானுக்கு என்ன வேலை

என் அக்கா கட்டிய அரண்மனையில் யாருக்கும் கண் கோளாறு கிடையாது. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதிக்கிறவள் என்பதால் எனக்கு முதலில் உறுத்தியது அதுதான். இளவரசன் கோட்டை மதில்மேல் நிற்பான். இளவரசி ஆற்றுக்கு அக்கரையில் நிற்பாள். அவள் இமை துடிப்பதை இவன் இங்கிருந்தே பார்த்துவிடுவான், அதுவும் நிலா வெளிச்சத்தில். தொண்டு கிழமான ராஜகுருவுக்குக்கூடப் புரை விழவில்லை. சுவடியைக் கைநீட்டித் தள்ளிப் பிடிக்காமல் மடமடவென்று படிக்கிறார். யாருக்கும் பல்வலி இல்லை, வியர்வை இல்லை. ராஜாவுக்கு நாட்டை ஆளுகிற வேலையும் இல்லை. நந்தவனத்தில் நடந்து முடிக்கவே அவருக்குப் பொழுது போதவில்லை.

இந்த அரண்மனைக்குத்தான் வாரம் தவறாமல் கூட்டம் அலைமோதுகிறது. எல்லாம் கைபேசியில். அக்கா எழுதுகிற சரித்திரக் காதல் தொடர்கதையை வெளியிடும் நிறுவனம், படிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுத்தாகவும், படிக்கச் சோம்பல் படுகிறவர்களுக்குக் குரலாகவும் அதைத் தருகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது, லிஃப்டில் ஏறினால் வீடு வந்துவிடுகிறது. மனசு மட்டும், தீப்பந்தத்தோடு எவனாவது வந்து குதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகமாட்டானா என்று ஏங்குகிறது.

படிக்கிற அத்தனை பேரும் இளவரசிதான். அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நம்மில் முக்கால்வாசிப் பேர் யானைக் கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருப்போம் என்று சொன்னால் ஒருவருக்கும் பிடிப்பதில்லை. என் வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அக்காவைப் பற்றி அல்ல, அத்தானைப் பற்றி.

அத்தான் ஏசி மெக்கானிக். சொந்தமாக ஒரு வேன் உண்டு. அதன் பின்னால் ஏணி, கேஸ் சிலிண்டர், செப்புக் குழாய்ச் சுருள். முன் இருக்கையில் உட்கார்ந்தால் எங்கிருந்தாவது ஒரு ஸ்க்ரூ வந்து குத்தும். வருஷக்கணக்காகக் கம்ப்ரசர்களின் பக்கத்திலேயே வேலை பார்த்ததில் அவருக்கு வலக்காது மந்தமாகிவிட்டது. யார் கூப்பிட்டாலும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து இடக்காதைத்தான் கொடுப்பார். ஃபில்டரைக் கழற்றித் தட்டும்போது பறக்கிற தூசி மூக்கில் ஏறினால் தும்முவார். ஒன்று வந்தால் அதோடு நிற்காது, மூன்று வரும். மூன்றாவது தும்மலில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழும். தூசி ஒட்டுகிறதென்று மீசை வைத்துக்கொண்டதே இல்லை. முன்நெற்றியில் ஒரு கொத்து முடி மட்டும் இளமையிலேயே வெளுத்துப் போயிருந்தது. டீயைக் கொடுத்தால் உடனே குடிக்கமாட்டார். மேலே ஆடை படிகிறவரை அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பேச்சு என்று பார்த்தால் ரொம்பச் சிக்கனம். ஒரு வீட்டுக்குள் போனால் வீட்டுக்காரர்களை விசாரிக்கமாட்டார், நேரே ஏசிக்குக் கீழே போய் நின்று காதைக் கொடுப்பார். அக்கா எழுத ஆரம்பித்த புதிதில் ஒருநாள், "என்ன எழுதுற?" என்று கேட்டார். "கதை" என்றாள் அக்கா. "நல்லது" என்றார். அந்த வீட்டில் நடந்த இலக்கிய விவாதம் பல வருஷங்களுக்கு அவ்வளவுதான்.

அக்காவுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. உள்ளறையில் டாக்டர் வயிறு வயிறாகப் பார்த்துச் சொல்லச் சொல்ல, இவள் வெளியே உட்கார்ந்து ரிப்போர்ட் அடிப்பாள். கல்லீரல் இயல்பு, பித்தப்பை இயல்பு, மண்ணீரல் இயல்பு. எதிரே தண்ணீரை முட்ட முட்டக் குடித்துவிட்டு, கால்மேல் கால் போட்டு அடக்கிக்கொண்டு ஒரு வரிசை உட்கார்ந்திருக்கும். நாள் முழுக்க இயல்பு இயல்பு என்று அடிக்கிறவளுக்கு, இயல்பே இல்லாத ஏதாவது ஒன்று வேண்டியிருந்திருக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் அரண்மனை கட்ட ஆரம்பித்தாள்.

ரிப்போர்ட் அடிக்கிறவர்கள் ஒவ்வொன்றையும் புதிதாக அடிப்பதில்லை. பழையதை நகல் எடுத்து ஒட்டி, அளவுகளை மட்டும் மாற்றுவார்கள். அவசரத்தில் ஒருநாள் அக்கா ஒட்டியது வேறொன்று. இரும்புக்கடைக்காரர் ஒருவரின் ரிப்போர்ட்டில், பித்தப்பை இயல்பு என்பதற்குக் கீழே, ‘அவனது வெப்ப மூச்சு அவள் செவியோரம் பட்டதும் அவள் கோட்டைகள் அனைத்தும் ஒருங்கே சரிந்தன’ என்று போய்விட்டது. டாக்டரும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் இரும்புக்கடைக்காரர் ரிப்போர்ட்டும் கையுமாக வந்து நின்றதும் டாக்டருக்கு வியர்த்துவிட்டது.

"டாக்டர், பித்தப்பை கிடக்கட்டும்" என்றாராம் அவர். "அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆச்சு?"

அக்காவுக்கு அன்று திட்டும் கிடைத்தது, முதல் வாசகரும் கிடைத்தார்.

அத்தானுக்கு வினை வந்தது ஏணிமேல் நிற்கும்போது. ஒரு வீட்டுப் படுக்கையறையில் அவர் ஏசியைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டு அம்மா கட்டிலில் சாய்ந்து, கைபேசியில் அக்காவின் கதையைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இளவரசன் பகைவரை வென்று, காயத்தோடு திரும்பி, இளவரசி முன்னால் நிற்கிற இடம். "அந்த டிரில்லை ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்று கையைக் காட்டினாராம் அந்த அம்மா. அத்தானும் நிறுத்தி, இடக்காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்காமல், "இது என் வீட்டுக்காரி எழுதுறது" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, ஏணியின் அடியிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். செருப்பில் தொடங்கி மேலே போன பார்வை தொப்பையில் கொஞ்ச நேரம் தங்கி, பிறகு முகத்துக்கு வந்தது. "நிஜமாவா? அப்போ அந்த இளவரசன்…" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "சரி சரி, நீங்க வேலையைப் பாருங்க" என்று முடித்துவிட்டார்.

அந்தப் பாதி வாக்கியம்தான் அத்தானுக்குள் போய் ஆணியாக இறங்கியது. மறுநாள் என் கடைக்கு வந்து, கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"அந்தம்மா என்ன கேக்க வந்துச்சு?"

கொழுந்திக்கு இப்படியொரு வாய்ப்புத் தினமுமா கிடைக்கும்? "அப்போ அந்த இளவரசன் யாருன்னு கேக்க வந்திருப்பாங்க அத்தான்" என்றேன்.

முகம் சுண்டிப்போனது. கொஞ்ச நேரம் என் எழுத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு ஒரு கண்ணாடி போடு, படிக்கிறதுக்கு" என்றார். ஸ்க்ரூவின் மரையைத் தடவியே கண்டுபிடிக்கிறவர் என்பதால் அதுவரை கிட்டத்தில் இருப்பது மங்கியதே அவருக்குத் தெரியவில்லை. ஒரு சதுர ஃபிரேம் போட்டுக் கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு, வேலைக்கும் வேலைக்கும் நடுவில் வேனிலேயே உட்கார்ந்து, அக்காவின் கதையை முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். கதைக்காக அல்ல. அதில் தான் எங்கே இருக்கிறோம் என்று தேடுவதற்காக.

இரண்டு நாளைக்கு ஒரு தடவை கடைக்கு வந்து விசாரணை நடக்கும்.

"அந்தத் தளபதி நானா இருக்குமோ? அவனும் கம்மியாத்தான் பேசுறான்."

"அவன் துரோகி அத்தான். ராத்திரியோட ராத்திரியா கோட்டைக் கதவைத் திறந்து விட்டுடுவான்."

போய்விடுவார். மறுபடி வருவார். "சிற்பி ஒருத்தன் வர்றானே. கைவேலைக்காரன்."

"அவன் ராணியைப் பாத்து உருகிட்டே துறவியாப் போயிடுவான். உங்களுக்குச் சரிப்படுமா?"

"மடப்பள்ளியில ஒருத்தன் இருக்கான். நல்லவனாத் தெரியுது."

"அவனுக்கு ஒரு வரிதான். ராஜாவோட சாப்பாட்டை ருசி பாக்குறேன்னு விஷம் தின்னு செத்துப் போயிடுவான்."

மடப்பள்ளிக்காரன் செத்த துக்கம் அத்தானுக்கு இரண்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகுதான், கதைக்குள் இல்லாவிட்டால் என்ன, கதைக்குத் தகுந்த மாதிரி ஆகிவிடுவோம் என்று இறங்கிவிட்டார். முதலில் மீசை வந்தது. சாதாரண மீசை இல்லை, இரண்டு பக்கமும் முறுக்கி நிறுத்திய மீசை. அதற்குக் கறுப்புச் சாயம். மிச்சச் சாயத்தை நெற்றியில் இருந்த வெள்ளைக் கொத்துக்கும் அடித்துக்கொண்டார். வேனில் வாசனைத் தெளிப்பான் வந்தது. மூச்சைப் பிடித்துத் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்ததில், படியேறும்போது மயக்கம் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். மீசையில் தூசி தங்கியதால் தும்மல் வேறு இரட்டிப்பாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா டீ போடுகிற நேரத்தில் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று, "தேநீர் தருவாயா, பெண்ணே" என்றார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "தலையில ஏதாவது அடி பட்டுச்சா? ஏணியிலேர்ந்து விழுந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, டீயை வைத்துவிட்டுப் போனாள். ராஜபார்வை பார்க்க முயன்ற அத்தான் வழக்கம்போல டீயை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் சாப்பிடும்போது நேராகவே கேட்டுவிட்டார். "நான் உன் கதையில இருக்கேனா இல்லையா?"

அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இருக்கீங்க. தேடுங்க."

இதற்கு இல்லை என்றே சொல்லியிருக்கலாம். மறுநாள் மனுஷன் என் கடை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "இத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். எத்தனையோ பேரை எழுதியிருக்கா. யாரு எப்படி நடப்பான், எப்படிச் சிரிப்பான்னு எல்லாம் வருது. என்னை அவ ஒரு தடவையாவது நின்னு பாத்திருக்காளான்னு தெரிஞ்சாப் போதும். அவ்வளவுதான்."

அதற்குமேல் எனக்குக் கிண்டல் வரவில்லை. அவர் எழுந்து அந்த மீசையைக் கண்ணாடியில் பார்த்து முறுக்கிவிட்டுக்கொண்டதும் மறுபடி வந்துவிட்டது.

உண்மை எனக்குத் தெரிந்தது கணக்கு டீச்சரால். ஓய்வு பெற்ற டீச்சர். அக்காவின் தீவிர வாசகி. குதிரை ஒரு நாளில் இத்தனை தூரம் ஓட முடியாது, ஆற்றின் அகலமும் பரிசலின் வேகமும் ஒத்துவரவில்லை என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் கீழே பின்னூட்டம் போடுவார். போட்டுவிட்டு இளவரசனுக்காக அழுவார். "ஏன் டீச்சர் இதைப் போய்ப் படிக்கிறீங்க, கணக்கே சரியில்லைன்னு நீங்களே சொல்றீங்க" என்று ஒருமுறை கேட்டேன். "எங்க வீட்டு மனுஷர் இருந்தவரைக்கும் நான் ஒரு வாக்கியத்தை முழுசா முடிச்சதில்ல. நடுவுல வெட்டிடுவார். அந்த இளவரசன் அவ பேசி முடிக்கிறவரைக்கும் வாயைத் திறக்காம நிக்கிறான் பாரு, அதுக்காகத்தான். வாளும் கோட்டையும் யாருக்கு வேணும்?" என்றார்.

அன்று அவருக்குப் புதுக் கண்ணாடி. கிட்டத்தில் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க எதையாவது படித்துக் காட்டச் சொன்னேன். என் அட்டையை ஒதுக்கிவிட்டு, கைபேசியை எடுத்து அந்த வார அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தார். இளவரசி பகைவரின் பாழடைந்த மண்டபத்தில் காய்ச்சலில் கிடக்கிறாள். இளவரசன் ஏழு மலைக்கு அப்பால். அவனுடைய குதிரை மட்டும் அவளைத் தேடி வந்துவிடுகிறது. டீச்சர் குரல் கம்மப் படித்தார்:

‘நெற்றியில் வெண்சுட்டி கொண்ட அப்புரவிக்கு ஆறுதல் மொழி அறியாது. போர்முரசின் அண்மையில் வாழ்ந்து அதன் வலச்செவி மங்கியிருந்தது. அவள் முனகியபோது தலையைச் சாய்த்து இடச்செவியால் கேட்டது. உடைந்த கதவொன்று காற்றில் ஓயாது அடித்து அவள் துயிலைக் கெடுத்தது. புரவி சென்று அக்கதவில் தன் முதுகைச் சாய்த்து நின்றது. அவள் விழிக்கும்வரை அது அசையவில்லை. அருகில் வைத்த நீரையும் பார்த்துக்கொண்டிருந்ததேயன்றிப் பருகவில்லை.’

எனக்கு ஓர் ஆஸ்பத்திரி அறை ஞாபகம் வந்தது. அக்காவுக்கு ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது, நாலைந்து வருஷத்துக்கு முன்னால். மத்தியானம் மயக்கம் தெளிந்து வலியில் கிடந்தாள். அத்தான் பக்கத்தில் நின்றார். வலிக்குதா என்றுகூடக் கேட்கவில்லை. அறையில் இருந்த ஏசியின் மூடி கொக்கி உடைந்து லொடலொடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. கருவி எதுவும் கையில் இல்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்த மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அக்கா தூங்கி எழுகிறவரை அப்படியே நின்றார். நர்ஸ் கொடுத்த டீ ஜன்னல் மேடையில் ஆடை படிந்து கிடந்தது. ‘பெண்டாட்டி வலியில துடிக்கிறா, இவருக்கு ஏசிதான் பெரிசாப் போச்சு’ என்று நான் அன்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

"அந்தக் குதிரை தும்முமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"தும்மாமலா? பேரே இடிமுழக்கம். மூணு தடவை தும்மினா எதிரிப் படை கலைஞ்சு ஓடும். நீ உங்க அக்கா கதையைப் படிக்கிறதே இல்லையா?"

அத்தான் படித்திருந்தார், வரிக்கு வரி. ஆனால் அவர் தேடியது இரண்டு காலில் நடக்கிறவனை. நாலு காலில் ஒருத்தன் நின்றுகொண்டிருப்பது கண்ணிலேயே படவில்லை. போதாக்குறைக்கு நெற்றியில் இருந்த ஒரே சாட்சியத்தின் மேலும் சாயம் பூசிவிட்டிருந்தார்.

அன்றே ஸ்கேன் சென்டருக்குப் போனேன். அக்கா அடித்துக்கொண்டே பேசினாள்.

"கண்டுபிடிச்சிட்டியா? அவர்கிட்டச் சொல்லாத. அவரே கண்டுபிடிக்கட்டும்."

"இளவரசனா ஆகணும்னு மீசை வச்சிருக்கிற மனுஷன்கிட்ட, நீங்க குதிரைன்னு எந்த வாயால சொல்றது?"

"அதான் எனக்கும் பயம்" என்றாள். அதைவிடப் பெரிய தலைவலி ஒன்றையும் சொன்னாள். கதை முடியப்போகிறது. முடிவில் பெரிய சாவு ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தொடருக்கு ஆள் வராது என்று நிறுவனத்தில் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். இளவரசன் சாகக் கூடாதாம், இளவரசியும் கூடாதாம். ஆக, குதிரைதான்.

"நீ என்ன சொன்ன?"

"யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்." கல்லீரல் இயல்பு என்று அடித்தாள்.

வீட்டில் இந்தச் சாவுப் பேச்சு காதில் விழுந்ததும் அத்தானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதல் தடவையாக மனைவியின் கதைக்கு யோசனை சொல்கிற வாய்ப்பு. நானும் அங்கேதான் இருந்தேன். மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"குதிரையைக் கொன்னுடு. யோசிக்கவே வேணாம். அது என்ன பண்ணுது? சும்மா தின்னுட்டு நிக்குது. ஒரு வார்த்தை பேசுதா? அது செத்தா யாருக்கு நஷ்டம்? இளவரசன் நாலு சொட்டுக் கண்ணீர் விடுவான், ஜனங்களும் விடும். முடிஞ்சது கதை."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருக்கும் நஷ்டம் இல்லைங்கிறீங்க."

"எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்றார் அத்தான் பெருந்தன்மையாக.

முடிவு அத்தியாயத்துக்கு முன்னால் நிறுவனம் வாசகர் கூட்டம் ஒன்று வைத்தது. ஞாயிறு மத்தியானம், ஒரு பெரிய மண்டபம். மேடையில் அட்டையில் செய்த கோட்டை. அதன் ஒரு கொத்தளம் சரிந்து, பசை நாடா போட்டு ஒட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் புகை கக்குகிற இயந்திரம். வந்திருந்த பெண்களில் பாதிப் பேர் நெற்றிச்சுட்டியும் கிரீடமும் வைத்திருந்தார்கள். கையில் கைப்பை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. ஒரு வங்கி மேலாளர் பிளாஸ்டிக் வாளோடு வந்து, வாசலில் காவலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டதற்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். எந்த நூற்றாண்டில் பிறந்திருந்தாலும் அவர் கணக்கப்பிள்ளையாகத்தான் இருந்திருப்பார்.

அத்தான் பளபளக்கிற சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மீசை அன்றைக்கென்று மெழுகு போட்டு நின்றது. பக்கத்தில் நான். அன்றாவது அக்கா தன்னைக் காட்டி, இவரைப் பார்த்துத்தான் இளவரசனை எழுதினேன் என்று ஒரு வார்த்தை, பொய்யாகவாவது சொல்லிவிடுவாள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். தொப்பையை உள்ளே இழுத்து வைத்திருந்ததில் முகம் சிவந்திருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கேள்வி நேரத்தில் மைக் கணக்கு டீச்சர் கைக்குப் போனது. "எங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான். இந்த இளவரசன் யாரு? யாரைப் பாத்து எழுதினீங்க?"

அத்தான் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"யாரையும் பாத்து இல்ல டீச்சர்" என்றாள் அக்கா. "அவனைச் செய்ய எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகல. நமக்கெல்லாம் என்னென்ன கிடைக்கலன்னு நமக்கே தெரியும். அதையெல்லாம் எடுத்து ஒண்ணா ஒட்டினேன், இளவரசன் வந்துட்டான்."

கூட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. ஏதோ சாமான் வாங்க வந்த இடத்தில் கடையை மூடியதுபோல முணுமுணுத்தார்கள். அத்தான் இழுத்துப் பிடித்திருந்த மூச்சு மெதுவாக வெளியே போனது. தொப்பை தன் இடத்துக்கு வந்தது. அவர் தரையைப் பார்த்தார்.

"நிஜமா ஒரு ஆளைப் பாத்து எழுதினது குதிரையை மட்டுந்தான்" என்றாள் அக்கா. "அதுக்குத்தான் வருஷக்கணக்காச்சு. பக்கத்துலயே இருந்து பாத்தாதான் அதை எழுத முடியும்."

"யாரு அது?" என்று பத்துப் பதினைந்து குரல்கள்.

அந்த நேரம் பார்த்து மேடைக்காரன் எவனோ புகை இயந்திரத்தை முடுக்கிவிட்டான். வெள்ளைப் புகை கோட்டையைத் தாண்டி முதல் வரிசைமேல் கவிந்தது. அத்தானின் மூக்கு துடித்தது. கையால் பொத்திப் பார்த்தார். முதல் தும்மல் வந்தது. இரண்டாவதில் மீசையின் மெழுகு விட்டுப்போய் ஒரு பக்கம் தொங்கியது. மூன்றாவது தும்மலில் ஒட்டியிருந்த கொத்தளம் கழன்று விழுந்தது என்று டீச்சர் இன்றைக்கும் சொல்கிறார். அது இயந்திரத்தின் காற்றாகவும் இருக்கலாம்.

டீச்சர் வலப்பக்கத்திலிருந்து மெதுவாக, "ஏங்க" என்று கூப்பிட்டார். அத்தான் தலையைச் சாய்த்து, இடக்காதைக் கொடுத்தார்.

அதற்கப்புறம் எழுந்த கூச்சலை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. கிரீடம் வைத்தவர்கள், வைக்காதவர்கள், வங்கி மேலாளர் எல்லாரும் முதல் வரிசையை நோக்கி ஓடி வந்தார்கள். குதிரையோடு படம் எடுத்துக்கொள்ள அடித்துப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மா கண்ணீரோடு அத்தானின் முதுகில் தட்டிக்கொடுத்தார். இன்னொரு அம்மா, "ஒரே ஒரு தடவை தும்முங்க" என்று கெஞ்சினார். அத்தான் நடுவில் எதுவும் புரியாதவர்போல நின்றார். எல்லாம் புரிந்துதான் நின்றார் என்பது அவர் கழுத்து நரம்பைப் பார்த்தாலே தெரிந்தது. நிறுவனத்து ஆள் மைக்கைப் பிடித்து, "குதிரை பிழைக்குமா? அடுத்த வாரம் தெரிஞ்சுடும்" என்று பல்லைக் காட்டினான்.

சாயங்காலம் மூன்று பேரும் வேனில் திரும்பினோம். நான் ஜன்னலோரம், அக்கா நடுவில். பின்னால் சிலிண்டர்கள் உருண்டு ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன.

"குதிரையா?" என்றார் அத்தான், ரோட்டைப் பார்த்தபடி.

"ம்."

"வேற எதுவுமே கிடைக்கலையா உனக்கு?"

"வேற எல்லாரும் பேசுவாங்க அந்த அரண்மனையில. பேசியே கொல்லுவாங்க" என்றாள் அக்கா. "ஒருத்தரும் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னதில்ல. மயக்கத்துல கிடந்தேன்னு நினைச்சீங்களா? நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். தூக்கம் வர்றவரைக்கும் உங்களையேதான் பாத்துட்டிருந்தேன்."

சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்தும் அவர் எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

வீட்டுத் தெருவுக்குத் திரும்பும்போது தொண்டையைச் செருமினார். "அதைக் கொல்லப்போறேன்னு சொன்னியே."

"நான் எங்கே சொன்னேன்? நீங்கதான் சொன்னீங்க. அது செத்தா யாருக்கு நஷ்டம்னு கேட்டீங்க."

"தெரியாமச் சொல்லிட்டேன்" என்றார். வண்டியை நிறுத்தினார். இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "அதுக்கு இன்னும் வயசாகலை. கொஞ்சம் தின்னுட்டு நிக்குது, அவ்வளவுதானே. இருந்துட்டுப் போகட்டுமே."

"மீசையை எடுங்க, பாக்கலாம்" என்றாள் அக்கா. குரல் உடைந்துவிடாமல் இருக்க, என்னைத் தாண்டிக்கொண்டு அவசரமாக இறங்கிப் போனாள்.

அடுத்த வாரம் முடிவு அத்தியாயம் வந்தது. போர்க்களத்தில் அம்பு பட்டுச் சாய்ந்த குதிரை, செத்துவிட்டது என்று எல்லாரும் விட்டுப்போன பிறகு, இளவரசி வந்து கூப்பிட்டதும் தலையைச் சாய்த்து எழுந்து நின்றது. நிறுவனத்தில் கொதித்துப்போனார்கள். அடுத்த தொடரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அக்கா இப்போது ஸ்கேன் சென்டரில் இயல்பு மட்டும் அடிக்கிறாள், புதிதாக ஏதோ யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று கேள்வி. கணக்கு டீச்சர் கடைக்கு வந்து, அத்தனை ரத்தம் போன குதிரை எழுந்திருக்க வாய்ப்பே இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துத் தரச் சொன்னார். துடைத்துக் கொடுக்கக் கொடுக்க நனைந்தது.

அவர் நாற்காலியில் இருக்கும்போதே அத்தான் உள்ளே வந்தார். மேலுதடு மழித்திருந்தது. நெற்றியில் சாயம் போய் வெள்ளை எட்டிப் பார்த்தது. படிக்கிற கண்ணாடியின் கால் லூசாகிவிட்டதாம், இறுக்கித் தரவேண்டுமாம். ஸ்க்ரூவோடு பிறந்த மனுஷன் இதற்காக என் கடை வரை வரவேண்டியதில்லை. வாங்கி இறுக்கிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, போகாமல் நின்றார்.

"என்ன அத்தான்?"

"கடைசி அத்தியாயம் படிச்சியா?" என்று கேட்டார். டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் பொழச்சுட்டேன்."